ஒரே ஒரு பழுது

என் தங்கை கணவரை நேரில் ‘தம்பி’ என்று கூப்பிடுவேன். மனதுக்குள் அவருக்கு வேறு பெயர்கள் வைத்திருக்கிறேன். அவற்றை எழுத முடியாது. அவரோடு வேலை செய்கிறவர்கள் ‘ஒயர் மாஸ்டர்’ என்பார்கள். மரியாதைக்காகச் சொல்கிறார்கள் என்று அவர் நம்புகிறார். நம்பிவிட்டுப் போகட்டும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வயதில் அந்த வேலைக்குப் போனவர், இருபத்து மூன்று வருடமாக அதிலேயே இருக்கிறார். லீவு நாளிலும் கம்பெனிச் சட்டைதான். மற்றவர்கள் பேனா சொருகுகிற பையில் அவர் ஒரு முழச் சிவப்பு ஒயரைச் சுருட்டி வைத்திருப்பார், இரண்டு முனையிலும் கிளிப்போடு. அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை. சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருந்தாலும் அவரே ஆரம்பித்துவிடுவார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

லிஃப்டில் ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டாம். எல்லாக் கதவும் சரியாகச் சாத்தியிருந்தால்தான் மின்சாரம் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று கடைசிவரை போகும். நடுவில் ஒன்று விட்டுப்போனால் லிஃப்ட் இருந்த இடத்தை விட்டு நகராது. மாஸ்டர் ஒவ்வொரு சுவிட்சாகப் போய், அதன் இரண்டு முனைக்கும் தன் சிவப்பு ஒயரை மாட்டிப் பார்ப்பார். லிஃப்ட் அசைந்தால் பழுது அங்கே. அசையாவிட்டால் ஒயரைக் கழற்றிக்கொண்டு அடுத்த மாடி. “ஒரு மெஷினுக்கு ஒரு பழுதுதான் இருக்கும். பொறுமையா ஒண்ணொண்ணா பாத்தா மாட்டாம போகாது” என்பார். சொல்லிவிட்டு எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பார், கைதட்டலுக்காக.

இந்த வித்தையை லிஃப்டோடு நிறுத்தியிருந்தால் நான் எதற்கு வாயைத் திறக்கப்போகிறேன். அவருக்கு முதுகு வலி வந்தபோது ஒரு வாரம் தலையணை இல்லாமல் படுத்தார். மறு வாரம் தலையணை வந்தது, மெத்தை போனது. அதற்கடுத்த வாரம் நாற்காலியை ஒதுக்கிவிட்டு நின்றுகொண்டே சாப்பிட்டார். வலி அப்படியே இருந்தது. மூன்றும் காரணமில்லை என்று முடிவு கட்டி, கடைசியில் என் தங்கை வீடு துடைக்கிற ஈரத்தின் மேல் பழியைப் போட்டார். அவளும் ஒரு மாதம் துடைக்காமல் பெருக்க மட்டும் செய்தாள். அவள் அப்படித்தான், சலவைக் கடை கவுன்டரில் நாள் முழுக்க அடுத்தவர் கறைக்கு மன்னிப்புக் கேட்டே பழகியவள்.

இவர்களுக்கு ஒரே பெண். பதினாலு வயதாகியும் எங்களுக்கு இன்னும் பாப்பாதான்.

பாப்பா சின்னதிலிருந்தே ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் செருப்புமாகப் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். ஒரே மாதத்தில் மூன்று தண்ணீர் பாட்டில் தொலைத்தாள். கணக்கில் பாதி போட்டுக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் எறும்பு போனால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். டைரியில் டீச்சர் சிவப்பு மையில் எழுதாத வாரம் கிடையாது. “சோம்பேறித்தனம். ரெண்டு போட்டா சரியாயிடும்” என்று நானும் சொன்னேன். இதில் நான் யோக்கியம் என்று காட்டிக்கொள்ளப் போவதில்லை.

பன்னிரண்டு வயதில் வேறொன்று சேர்ந்துகொண்டது. காலையில் வயிற்று வலி. பள்ளிக்கூட நாளில் மட்டும். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுப்பாள். டீச்சர் போனை வாங்கி அம்மாவின் கடைக்குப் போட்டு, “அம்மா, நல்லாத்தானே இருக்கே?” என்று கேட்பாள். ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டால் என் தங்கை என்ன செய்வாள். கடை முதலாளி போனையே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டான்.

மாஸ்டர் களத்தில் இறங்கினார். சர்வீஸ் நோட்டில் பின்பக்கம் ஒரு தாளை ஒதுக்கி, கோடு போட்டு, ‘குறை’, ‘செய்தது’, ‘விளைவு’ என்று மூன்று கட்டம் கட்டினார். பெற்ற பெண்ணுக்கு. அந்தத் தாளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். நாலு மாடிக் கட்டடம். கீழே எங்கள் கடை, நாலாவது மாடியில் பிள்ளைகளுக்கான மனநல டாக்டரம்மா. முதலில் அங்கேதான் கூட்டிப் போனார். கவனக் குறைபாடு என்று டாக்டரம்மா சொல்லி மாத்திரை எழுதினார்கள். பாப்பா உட்கார்ந்தாள். உட்கார்ந்து ஒரு பக்கம் முழுதாக எழுதினாள். என் தங்கை அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து கவுன்டரில் விரித்துக் காட்டிவிட்டுப் போனாள். ஆனால் காலை வயிற்று வலி நிற்கவில்லை, பாதி நாள் பள்ளிக்கூடம் இல்லை, பரீட்சையில் பழைய கதை. ஆறாவது வாரம் மாஸ்டர் ‘விளைவு’ கட்டத்தில் ‘இது இல்லை’ என்று எழுதினார். மாத்திரையை நிறுத்தினார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே என்கிற எண்ணம்கூட இல்லை. சந்தேகப்பட்டது தவறு, ஒயரைக் கழற்றியாயிற்று, அவ்வளவுதான்.

அடுத்து வேறு தெருவில் வேறு டாக்டர். இந்த முறை பயத்துக்கு. அவரும் மாத்திரை கொடுத்தார், கூடவே வீட்டில் செய்யப் பயிற்சி கொடுத்தார். கதவை இழுக்கத் தோன்றினால் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும், பயம் எவ்வளவு என்று நோட்டில் எழுத வேண்டும், வாரா வாரம் கொண்டுவந்து காட்ட வேண்டும். பாப்பாவுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. முதல் பத்து நாள் வயிற்று வலிகூடக் குறைந்தது. ஆனால் நோட்டு தொலைந்தது. இன்னொரு நோட்டு வாங்கினார்கள், அதுவும் தொலைந்தது. பயிற்சி செய்ய ஞாபகம் இருந்தால் நோட்டு இல்லை, நோட்டு கையில் இருந்தால் எதற்கு எடுத்தோம் என்பது மறந்துவிடும். மூன்றாவது மாதம் ‘இதுவும் இல்லை’ என்று எழுதி அதையும் ஒரே நாளில் நிறுத்தினார். ஒரு வாரம் பெண் தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடிப்பு என்றார்.

நாலு வாரமாக மாத்திரை வாங்க ஆளைக் காணோமே என்று நான்தான் கேட்டேன். கேட்கும்போதுதான் எனக்கே உறைத்தது, இந்த இரண்டு சீட்டும் ஒரு நாள்கூட ஒன்றாக என் கவுன்டருக்கு வந்ததில்லை.

“ஏன் தம்பி, ரெண்டாவது டாக்டர்கிட்ட முதல் டாக்டர் சீட்ட காட்டினீங்களா?”

“எதுக்கு? அவர் மனசுல இல்லாததெல்லாம் கிளப்பி விடறதுக்கா? டெஸ்ட் பண்ணும்போது ஒரு நேரத்துல ஒண்ணுதான்க்கா.”

“அவங்க கேக்கலையா? மறதி இருக்கா, கவனம் இருக்கான்னு?”

“கேட்டாங்க. அதெல்லாம் பாத்தாச்சு, அது இல்லன்னு சொல்லிட்டேன்.”

“முதல் டாக்டர் பயத்த பத்திக் கேட்டாங்களா?”

“கேட்டாங்க. அப்பவே அதையும் சொன்னா எது எதுன்னு எப்படிப் பிரிக்கிறது?”

எவ்வளவு பொறுமையாக விளக்கினார் தெரியுமா. கடைக்கு வருகிற ஒன்றும் தெரியாத கிழவிக்கு நான் மாத்திரை வேளை சொல்கிற அதே குரல்.

பிறகு தீர்ப்பு வந்தது. இரண்டையும் பார்த்தாகிவிட்டது, இரண்டிலும் பழுதில்லை. “மெஷின் நல்லாத்தான் இருக்கு, யூஸ் பண்றவங்க சரியில்ல” என்று அவர் கம்பெனியில் ஒரு வாக்கியம் உண்டாம். வீட்டுக்கும் அதையே எடுத்துவந்தார். பெண்ணுக்குத் திமிர், அம்மா கொடுக்கிற செல்லம். ஊருக்கு வெளியே ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது, கண்டிப்புக்குப் பேர் போனது. விடியற்காலை விசில், வீட்டுக்குப் போன் கிடையாது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் பெற்றவர் முகம். அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கிற பிள்ளைக்கு இதைத் தேர்ந்தெடுத்த அறிவை என்னவென்று சொல்வது. கையெழுத்தும் போட்டுவிட்டார். திங்கட்கிழமை சேர வேண்டும்.

விஷயம் தெரிந்த நாளிலிருந்து பாப்பா சாப்பிடுவதை ஏறக்குறைய விட்டுவிட்டாள். பேசுவதும் குறைந்துபோனது. என் தங்கை அழுதாள், ஆனால் மறுக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தாயும் மகளும் என் கடைக்கு வந்தார்கள், விடுதிக்காரர்கள் கொடுத்த பட்டியலோடு. சோப்பு இரண்டு, பற்பசை ஒன்று, நகவெட்டி ஒன்று. நான் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, பாப்பா பட்டியலில் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது வரிக்கு மேல் போகவில்லை. அடித்ததையே மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்தாள், தாள் கிழிகிற வரைக்கும்.

அன்று எங்கள் கட்டடத்து லிஃப்ட் மதியத்திலிருந்தே நின்றுபோயிருந்தது. வந்தது யார் என்று சொல்ல வேண்டுமா. மாஸ்டர் பையை மாட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, தரைத்தளத்திலிருந்து ஆரம்பித்தார். சிவப்பு ஒயரை மாட்டினார், அசையவில்லை. கழற்றினார். முதல் மாடி, இல்லை. இரண்டு, இல்லை. மூன்று, நாலு, இல்லை. திரும்பக் கீழே வந்து மறுபடி முதலிலிருந்து. நாலாவது மாடிக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, அவரைச் சுற்றிக்கொண்டு படியேறினார்கள். இரண்டு முறை மேலும் கீழும் போய்வந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எனக்குப் பரம சந்தோஷம், மறைக்க மாட்டேன்.

மூன்றாவது முறை இறங்கி வந்தவர் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு பையைக் கிளறி, பழைய கறுப்பு ஒயர் ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே போனார். கால் மணி நேரத்தில் லிஃப்ட் உறுமிக்கொண்டு நகர்ந்தது. கதவுகளைச் சரிசெய்து, ஒயர்களைக் கழற்றிக்கொண்டு கீழே வந்தபோது முகத்தில் பழைய ஒளி திரும்பியிருந்தது. வாட்ச்மேனைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

“ரெண்டு இடத்துல விட்டிருக்கு. ரெண்டாவது மாடி, நாலாவது மாடி. ஒண்ணுல போட்டுப் பாத்துட்டு எடுத்துட்டா ஜென்மத்துக்கும் கிடைக்காது. ஏன் சொல்லு? நீ இங்க சரி பண்ணும்போது அங்க விட்டிருக்கும், அங்க சரி பண்ணும்போது இங்க விட்டிருக்கும். ரெண்டும் நல்லா இருக்குன்னு நினைச்சிடுவ. முதல் ஒயர எடுக்கவே கூடாது. அது இருக்கும்போதே அடுத்தத பாக்கணும்.”

வாட்ச்மேன் தலையாட்டினான். நான் கவுன்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தேன்.

“தம்பி, இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க.”

சந்தோஷமாகத் திரும்பச் சொன்னார். அவருக்கு அதில் சலிப்பே கிடையாது.

“பாப்பாவுக்கு முதல் ஒயர ஏன் எடுத்தீங்க?”

ஒரு நிமிடம் புரியவில்லை அவருக்கு. புரிந்ததும் முகம் கடுத்தது.

“என்னக்கா பேசறீங்க. பிள்ளையும் லிஃப்டும் ஒண்ணா?”

கேட்டீர்களா. இரண்டு வருடம் கட்டம் கட்டி, ஒன்றை மாட்டி ஒன்றைக் கழற்றி, ‘இது இல்லை, இதுவும் இல்லை’ என்று எழுதியபோது அவள் லிஃப்ட். அந்த லிஃப்டே இவர் கணக்குத் தப்பு என்று காட்டியதும் அவள் பிள்ளையாகிவிட்டாள். இப்படி ஒரு மனிதரோடு என்ன வாதம் செய்வது. நான் செய்யவில்லை. கடைக்குள் போய் இரண்டு டாக்டரின் சீட்டு நகலையும் எடுத்தேன், பாப்பாவின் கையைப் பிடித்தேன், லிஃப்டில் ஏறி நாலை அழுத்தினேன். கதவு சாத்திக்கொள்கிற நேரத்தில் என் தங்கை உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால், வேறு வழியில்லாமல், மாஸ்டரும். ஏறினதும் பழக்க தோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு சத்தம் கேட்டார்.

டாக்டரம்மா கடைசி ஆளை அனுப்பிவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்தார்கள். என்னைத் தெரியும் என்பதால் உட்காரச் சொன்னார்கள். இரண்டு சீட்டையும் அடுத்தடுத்து மேசையில் வைத்தேன். ஒன்றைப் பார்த்தார்கள், மற்றதைப் பார்த்தார்கள், தேதிகளைப் பார்த்தார்கள். பிறகு மாஸ்டரைப் பார்த்தார்கள்.

“இந்தப் பயத்த பத்தி ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க அத அப்ப அவ்வளவா...”

டாக்டரம்மா பழைய ஃபைலை எடுத்துத் திருப்பிக் காட்டினார்கள். அவர்கள் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது: ‘தூக்கம், பயம், வயிற்று வலி விசாரித்தேன். வேறு தொந்தரவு எதுவும் இல்லை என்று தந்தை கூறுகிறார்.’ மாஸ்டர் அதைப் படித்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவரிடம் டாக்டரம்மா எதுவும் கேட்கவில்லை. நாற்காலியைப் பாப்பா பக்கம் திருப்பிக்கொண்டார்கள். “நீ சொல்லும்மா” என்றார்கள். பாப்பா என்னையும் அம்மாவையும் பார்த்துவிட்டு, கையிலிருந்த பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள். எதையாவது மறந்துவிடுவோம் என்று தெரியும், அதனால் பயம். கேஸை மூட மறந்தேனா, கதவைப் பூட்ட மறந்தேனா, மறந்ததால் அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று வகுப்பில் நினைத்துக்கொண்டே இருப்பேன். நினைத்துக்கொண்டிருப்பதால் டீச்சர் சொல்வது காதில் விழாது. விழாததால் மறுபடி மறப்பேன். பதினாலு வயதுப் பெண் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். இரண்டு வருடம் நோட்டும் கோடும் கட்டமுமாகத் திரிந்தவருக்கு இது கிடைக்கவில்லை, ஏனென்றால் அவளிடம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் பாப்பா கேட்டாள்: “டாக்டர், ரெண்டு வியாதி ஒரே ஆளுக்கு இருக்குமா?”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “இருக்கும்மா. உன் வயசுல நிறைய பேருக்கு இருக்கு. ஒண்ணு மட்டும் தனியா வர்றதவிட ரெண்டு மூணு சேந்து வர்றதத்தான் நான் அதிகமா பாக்கிறேன். ஒண்ணு இன்னொண்ண மறைச்சுக்கும், ஒண்ண மட்டும் பாத்தா ரெண்டும் சரியாகாது. உன் மேல தப்பில்ல.” இரண்டாவது டாக்டரிடம் தாமே பேசுவதாகவும், இருவரும் சேர்ந்து முடிவு செய்வதாகவும், அதுவரை யாரும் எந்த மாத்திரையையும் தாமாக ஆரம்பிக்கவோ நிறுத்தவோ கூடாது என்றும் சொன்னார்கள். ‘யாரும்’ என்றபோது ஒருவரைத்தான் பார்த்தார்கள்.

“திங்கட்கிழமை ஹாஸ்டல்ல சேக்கணும்” என்றார் மாஸ்டர். குரல் கீழே இறங்கியிருந்தது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“திங்கட்கிழமை எங்கயும் போகல.” சொன்னது என் தங்கை. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் அவரிடம் ‘இல்லை’ என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. விடுதிக்காரன் பட்டியலை நாலாக மடித்து டாக்டரம்மாவின் குப்பைக்கூடையில் போட்டாள். மாஸ்டர் கூடைப் பக்கம் கையை நீட்டினார். பிறகு இழுத்துக்கொண்டார். அந்த மட்டும் புத்தி இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்தேன். மாஸ்டர் தலை கவிழ்ந்து நிற்பதை ஆசை தீரப் பார்த்துக்கொண்டேன். அப்போது டாக்டரம்மா பாப்பாவிடம் கேட்டார்கள்.

“ரெண்டு வியாதி இருக்குமான்னு எவ்வளவு நாளா கேக்கணும்னு நினைச்சிட்டிருந்தே?”

“போன வருஷமே கேட்டேன் டாக்டர். பெரியம்மா மருந்துக் கடையில இருக்காங்கல்ல, அவங்களுக்குத் தெரியும்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணு போதாதா உனக்குன்னு சிரிச்சாங்க.”

குறையாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. கடையில் கூட்டம். ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பள்ளிச் சீருடையில் கவுன்டர் ஓரமாக நின்று, என் கை ஓய்வதற்காகக் காத்திருந்து கேட்டாள். நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னேன். நின்றிருந்த ஆறு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுத்தான் போனாள். அதற்குப் பிறகுதான் மாஸ்டர் இரண்டாவது மாத்திரையை நிறுத்தினார், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், விடுதி வந்தது. அன்றைக்கு நான் நிமிர்ந்து பார்த்து, “ஏன் பாப்பா கேக்கிற?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். படிக்கட்டு பக்கத்தில்தான் இருந்தது. நாலே மாடி.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்கள். மாஸ்டரும் பார்த்தார். எனக்கு வெறுப்பாக இருந்தது, அவர் மேல் இல்லை.

மாஸ்டருக்காக இத்தனை வருடம் மனதுக்குள் சேர்த்துவைத்திருந்த பெயர்களில் பாதியை அன்றைக்கு எனக்கு எடுத்துக்கொண்டேன். மீதி இன்னும் அவருடையதுதான்.